இருண்ட புள்ளிகள் எல்லாம் இறந்த செல்கள் அல்ல

விழித்திரையின் நட்டநடுவில், நிறத்தையும் நுட்பத்தையும் காண உதவும் கூம்பு செல்கள் ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை இருக்கின்றன? 1990-இல் கிறிஸ்டின் கர்சியோ குழுவினர், இறந்தவர்களிடமிருந்து பெற்ற 8 விழித்திரைகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார்கள். உச்ச அடர்த்தி சராசரியாக 1,99,000. ஆனால் ஒரு கண்ணில் அது 1 லட்சம்தான், இன்னொன்றில் 3,24,000. நலமான கண்களுக்குள்ளேயே மூன்று மடங்கு வித்தியாசம்!

உயிருள்ள கண்ணில் எண்ணுவது வேறு வேலை. விழித்திரையின் மையத்தில் ஒரு கூம்பின் குறுக்களவு சுமார் 2 மைக்ரோமீட்டர்தான். அதைக் கண்ணின் கார்னியா, லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும்; அவற்றின் சின்னச் சின்னக் கோணல்கள் படத்தைக் கலங்கடித்துவிடும். இதற்கு வழி வானியலிலிருந்து வந்தது. காற்றின் சலனத்தால் கலங்கும் நட்சத்திரப் படத்தைத் திருத்த, வடிவம் மாறும் ஆடி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று 1953-இல் வானியலாளர் ஹொரஸ் பாப்காக் சொன்னார். 1997-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் ஆகிய மூவரும் அதே உத்தியால் கண்ணின் பிழைகளை அளந்து, 37 இடங்களில் தள்ளவும் இழுக்கவும் முடிந்த ஓர் ஆடியால் திருத்தினார்கள். தேன்கூடு போல அடுக்கிய செல்கள் படத்தில் துலங்கின.

படம் தெளிவாக இருப்பதாலேயே எண்ணிக்கை சரியாகிவிடாது. 50 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தில் அதற்குள் சுமார் 500 செல்கள் அடங்கும். எண்ணுபவர் 25 செல்களைத் தவறவிட்டால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10,000 குறைந்துவிடும். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட செல்லைச் சேர்ப்பதா, விடுவதா? அதுவும் விடையை மாற்றும். மையத்திலிருந்து விலக விலக அடர்த்தி செங்குத்தாகச் சரிவதால், சதுரத்தைச் சற்றே நகர்த்தினாலும் எண் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய பிழை கண்ணின் நீளத்தில் ஒளிந்திருக்கிறது. கருவி தருவது கோண அளவு. அதை மில்லிமீட்டராக நாம்தான் மாற்ற வேண்டும். 24 மி.மீ. நீளமுள்ள கண்ணில் ஒரு பாகை என்பது சுமார் 0.29 மி.மீ. கிட்டப்பார்வை உள்ளவரின் கண் 26.4 மி.மீ. நீளம் இருக்கலாம். அதை அளக்காமல் 24 என்றே வைத்துக்கொண்டால் நீளத்தில் 10 சதவீதம் தவறும், பரப்பில் 21 சதவீதம் தவறும். செல்கள் இருப்பதைவிட நெருக்கமாக இருப்பதாக எண் சொல்லும். கண்ணின் நீளத்தை அளக்காமல் சொல்லும் அடர்த்தியை நான் நம்பமாட்டேன்.

சில ஆய்வாளர்கள் எண்ணுவதை விட்டுவிட்டு, அருகருகே உள்ள செல்களின் இடைவெளியை அளக்கிறார்கள். நாலைந்து செல்கள் தவறினாலும் இந்த அளவு குலையாது. அதே காரணத்தால், நோயில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிஜமாகவே இறந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

இனி இந்தப் படங்களில் செல்களுக்கு நடுவே தெரியும் இருண்ட புள்ளிகளுக்கு வருவோம். கூம்பு செல் ஒளியைக் குழாய் போலக் கடத்தித் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளியைத்தான் வழக்கமான படம் பதிகிறது. ஒரே செல் ஒரு நாள் பளிச்சென்றும் இன்னொரு நாள் மங்கியும் தெரியலாம். செல்லின் வெளிப்பகுதி, அதாவது ஒளியை உணரும் முனை, சிதைந்திருந்தால் ஒளி திரும்பி வராது; அந்த இடம் இருண்டு தெரியும். ஆனால் அதை ஒட்டியுள்ள உட்பகுதி உயிரோடு இருக்கலாம். நேராகத் திரும்பும் ஒளியை விட்டுவிட்டு, சிதறி வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் முறை பின்னர் வந்தது. அது உட்பகுதியைப் புடைப்பாகக் காட்டுகிறது.

பிறவியிலேயே நிறங்களைக் காண முடியாத அக்ரோமடாப்சியா உள்ளவர்களின் கண்ணில் இது எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தது. பழைய முறைப் படத்தில் கூம்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கருந்துளைகள். அதே இடத்தைப் புதிய முறையில் பார்த்தபோது, அந்தத் துளைகள் பலவற்றுக்குள் உருண்டையான உட்பகுதிகள் உட்கார்ந்திருந்தன. இந்த நோய்க்கு மரபணு சிகிச்சைச் சோதனைகள் நடந்திருக்கின்றன. மரபணுவைக் கொண்டு சேர்க்க வேண்டியது அந்தச் செல்களிடம்தான்.