ஸ்டியரிங் இல்லாத ரயில் எப்படித் திரும்புது?

பெருந்துறைல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணியிருந்தாருங்க. முப்பது வருஷம் லேத் பட்டறை வெச்சிருந்தவர். இங்கிலாந்துல மக வீட்டுக்குப் போனவரு பேரனோட அங்க கடலோரத்துல ஒரு குட்டி ரயில்ல போயிருக்கார், ஹைத்ங்கற ஊர்ல ஏறுனா டஞ்சனஸ் வரைக்கும் 21 கிலோமீட்டருக்கு மேல ஓடுமாம். 1927ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே டஞ்சனஸ் வரை நீட்டினது. நம்ம ஈரோடு லைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைல 1676 மில்லிமீட்டர், அங்க வெறும் 381தான். டஞ்சனஸ்ல இஞ்சினைத் திருப்பறதுக்கு தனி ஏற்பாடெல்லாம் கிடையாது, தண்டவாளமே பெரிய வளையமாச் சுத்தி வந்த வழியில சேர்ந்துக்கும்.

அந்த வளையத்துலதான் அவருக்கு சந்தேகம். "ஏனுங் தம்பி, கார்ல டிஃபரன்ஷியல் இருக்குது, வளைவுல வெளிச்சக்கரம் அதிகமா சுத்திக்குது. ரயில்ல ரெண்டு சக்கரமும் ஒரே ஆக்சில்ல இறுக்கி அடிச்சிருக்கே, அப்புறம் எப்படிங் திரும்புது?"

அருமையான கேள்விங்க. வளைவுல வெளித்தண்டவாளம் நீளம், உள்தண்டவாளம் கம்மி. வளையம் சின்னதோ பெருசோ, வண்டி வந்த பக்கமே திரும்பி நின்னா அந்த வித்தியாசம் தண்டவாள இடைவெளியை பை (3.14) ஆல பெருக்கினதுதான், அங்க 1.2 மீட்டர். இதை யாரு சரிக்கட்டறது?

டேப்பர்! லேத்துல நின்னவருக்கு இந்த ஒரு வார்த்தை போதும். ரயில் சக்கரம் நேரான உருளை இல்ல, உள்பக்கம் துருத்திட்டு இருக்கிற விளிம்புகிட்ட விட்டம் பெருசு, வெளிய போகப் போக சிறுத்துட்டே வரும், நம்ம ரயில்வேல 1க்கு 20 டேப்பர், அதாவது 20 மில்லிமீட்டர் தள்ளிப்போனா ஆரம் 1 மில்லிமீட்டர் மாறும். வண்டி இடதுபக்க வளைவுல நுழையறப்ப சக்கர ஜோடி நேராப் போகத்தான் பாக்கும், அதனால வலதுபக்கமா கொஞ்சம் நகரும். 5 மில்லிமீட்டர் நகர்ந்துச்சுன்னு வைங்க, வலது சக்கரம் கால் மில்லிமீட்டர் பெரிய ஆரத்துல உருளும், இடது சக்கரம் கால் மில்லிமீட்டர் சின்ன ஆரத்துல உருளும், விட்டத்துல வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர், அதனால ஒவ்வொரு சுத்துக்கும் வலது சக்கரம் 3 மில்லிமீட்டர் சொச்சம் முன்னால போயிடும், ஜோடி தானா இடதுபக்கம் திரும்பிடும். கியர் இல்ல, ஸ்டியரிங் இல்ல, டிரைவர் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. இரும்பைக் கடைஞ்ச சரிவுலயே மொத்த புத்தியும் இருக்கு, எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு சந்தோஷம் அடங்க மாட்டேங்குது.

உள்பக்கம் இருக்கிற விளிம்புதான் வண்டியைத் திருப்புதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது கடைசிக் காவல்தான். வளைவு ரொம்ப இறுக்கமாப் போனா டேப்பர் பத்தாது, சக்கரம் வழுக்கும், விளிம்பு தண்டவாளத்துல உரசும், அப்பத்தான் அந்த கிறீச் சத்தம். நேர் பாதைலயும் இந்த டேப்பர் சும்மா இருக்காது, நடுவுக்கு வரப்பாத்து தாண்டிப்போயி மறுபடி திரும்பின்னு மெல்ல பாம்பு மாதிரி நெளியும். வேகம் கூடக்கூட இந்த நெளிவு ஆபத்தாயிடும், அதனாலதான் வேகமான பெட்டிகள்ல, சக்கர ஜோடிகளைத் தாங்கற சட்டமான போகில, இந்த ஆட்டத்தை அடக்கற டேம்பர் மாட்டறாங்க.

புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தறதுல காட்டற அக்கறைல பாதி சக்கரத் தேய்மானம் பாக்கறதுல காட்டணும்ங்கறது என் கருத்து. இந்த டேப்பரைக் காட்ட பள்ளிக்கூடத்துல லேப் கூட வேண்டாம். ரெண்டு பேப்பர் டீ கப்பை வாயோட வாய் சேத்து டேப் ஒட்டுங்க, ரெண்டு பிவிசி பைப்பை தண்டவாளமாட்டம் சாய்ச்சு வெச்சு உருட்டுங்க, கோணலா விட்டாலும் நடுவுக்கு வந்து நேராப் போகும். அடியோட அடி ஒட்டி உருட்டுனா கொஞ்ச தூரத்துலயே கீழ விழும்.

பெரியவர் சித்த நேரம் பேசவே இல்ல. அப்புறமேலுக்கு, "கப்பு எதுக்குங், நான் தேக்குலயே கடைஞ்சு பேரனுக்கு அனுப்பிடறனுங்"னு சொல்லி போனை வெச்சுட்டார்.