மின்னோட்டம் குறைந்தால் நஞ்சு கூடுதல்: கடலையில் அஃப்ளாடாக்சின் பார்க்கும் பட்டை

நேரடியாகத் தின்னும் நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை உண்டாக்கும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான ஒன்று.

இந்த நஞ்சை மின்னோட்டத்தால் அளக்க ஒரு சோதனைப் பட்டை இருக்கிறது. அந்த வரம்பு சோதனை மேசையில் எவ்வளவாகிறது? 5 கிராம் கடலை மாவில் 10 நானோகிராம். அதை 70 சதவீத மெத்தனால் 25 மில்லியில் குலுக்கி வடிகட்டினால் மில்லிக்கு 0.4 நானோகிராம். பத்து மடங்கு நீர்த்தால் 0.04 நானோகிராம். ரத்தச் சர்க்கரைப் பட்டை பார்க்கும் குளுக்கோஸ் இதைப்போல் சுமார் இரண்டரைக் கோடி மடங்கு. நீர்க்காமல் விடவும் முடியாது. மெத்தனால் மிகுந்தால், நஞ்சைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியின் வடிவம் குலைந்துவிடும்.

பட்டையில் மூன்று மின்முனைகள் அச்சிட்டிருக்கும்: இரண்டு கார்பன், ஒன்று வெள்ளி-வெள்ளி குளோரைடு. வேலை செய்யும் கார்பன் முனையில் ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். நஞ்சு மூலக்கூறு மிகச் சிறியது, இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே நேரத்தில் பிடிக்க இடம் போதாது. அதனால் போட்டி வைக்கிறோம். பெராக்சிடேஸ் என்சைம் கட்டிய அஃப்ளாடாக்சினைத் தெரிந்த அளவில் சாற்றோடு கலந்து விடுகிறோம். பஸ் சீட்டில் துண்டு போடுகிற கதைதான்: கடலையின் நஞ்சு எத்தனை இடம் பிடிக்கிறதோ, என்சைம் கட்டியதற்கு அத்தனை இடம் குறையும். அரை மணி கழித்துக் கழுவி, டிஎம்பி என்ற சாயப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால், என்சைம் டிஎம்பியை ஆக்சிஜனேற்றும். சுமார் மைனஸ் 0.1 வோல்ட்டில் மின்முனை அதற்கு எலெக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும்போது ஓடுவதே நாம் அளக்கும் மின்னோட்டம். நஞ்சு கூடினால் அது குறையும்.

தொல்லையும் இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான். என்சைம் செத்திருந்தால் நல்ல கடலையும் நஞ்சாகத் தெரியும். கரைசல் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடே பெராக்சிடேஸை முடக்கிவிடும்; புதிதாக வருபவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். கடலை எண்ணெய் கார்பனில் படிந்தாலும் மின்னோட்டம் இறங்கும். சரியாகக் கழுவாவிட்டால் நேர்மாறு: ஒட்டாத என்சைம் தங்கி, கெட்ட கடலை நல்லதாகத் தெரியும். இதுதான் ஆபத்தான பிழை. ஆகவே எவ்வளவு நஞ்சுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் அளவீட்டுக் கோட்டை, வெறும் பஃபர் கரைசலில் போடாமல், நஞ்சில்லாத கடலைச் சாற்றில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தச் சாற்றோடு ஒரு பட்டையைப் பக்கத்தில் ஓட்டி, அதன் மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே சரி.

இவ்வளவு செய்தும் தவறு பெரும்பாலும் மூட்டையில்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் பூஞ்சை பிடித்த ஒன்றிரண்டே மொத்த நஞ்சையும் சுமக்கலாம். பெரிய சரக்கென்றால் ஐரோப்பிய விதிப்படி 100 இடங்களில் எடுத்து 20 கிலோ சேர்ப்பார்கள். அதை முழுக்க அரைத்துக் கலந்த பிறகே 5 கிராமுக்குக் கை போக வேண்டும். தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்தால் இன்னும் சீராகக் கலக்கும். சேர்த்த தண்ணீரை மட்டும் கணக்கில் கழிக்க மறக்கக் கூடாது.