போனில் சிக்னல் கோளாறு உண்மையா? கோடுகளை விட்டுவிட்டு டிபிஎம் எண்ணைப் பாருங்கள்

'இந்த மாடலில் சிக்னலே நிற்பதில்லை' என்பார் ஒருவர். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவர் 'எனக்கு நான்கு கோடு காட்டுகிறதே' என்று மறுப்பார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். சிக்கல், கோடுகளை வைத்து வாதாடுவதில் இருக்கிறது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொது விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2010-ல் ஐபோன் 4-ஐக் கையில் பிடித்தால் சிக்னல் குறைகிறது என்று சர்ச்சை எழுந்தபோது, இரண்டு கோடு காட்ட வேண்டிய இடத்தில் சில சமயம் நான்கு காட்டிவிட்டதாக ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆன்டெனா கோளாறும் பொய்யில்லை. ஓரத்து எஃகுப் பட்டையே அதில் ஆன்டெனா. இடது கீழ்ப்பக்க இடைவெளியை விரல் மூடினால் சிக்னல் சரிந்தது.

அதனால் போனுக்கு வரும் சிக்னலின் திறனைக் காட்டும் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளில் 'போனைப் பற்றி', அதற்குள் 'சிம் நிலை'. ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சோதனைத் திரை வரும். 4ஜியில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல், மைனஸ் 110 பலவீனம், மைனஸ் 120-க்கும் கீழே போனால் இணைப்பே சந்தேகம். எண் 10 இறங்கினால், அதாவது மைனஸ் 90 என்பது மைனஸ் 100 ஆனால், சிக்னலின் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

எந்தப் போனையும் கையில் இறுக்கிப் பிடித்தால் சில டிபி (டெசிபல், அதாவது இந்த எண்ணில் சில புள்ளிகள்) குறையும். மைனஸ் 85 உள்ள இடத்தில் அது தெரியவே தெரியாது. மைனஸ் 112 உள்ள அறையில் அதே குறைவு அழைப்பைத் துண்டித்துவிடும். ஒரே மாடலைப் பற்றி இரண்டு பேர் முரண்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

போன்தான் கோளாறா என்று அறிய, ஒரே சிம்மை இரண்டு போன்களில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில், உறையில்லாமல் மேசையில் வையுங்கள். இரண்டிலும் 4ஜி மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஜி எண்ணையும் 4ஜி எண்ணையும் ஒப்பிடக் கூடாது. நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து முறை எண்ணைக் குறியுங்கள். நான்கைந்து டிபி ஏறி இறங்குவது இயல்பு. ஒரு போன் மட்டும் தொடர்ந்து 10 டிபி கீழே நின்றால் சந்தேகப்படலாம். அப்போதும், இரண்டும் ஒரே அலைவரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கிய போனில் உள்ளூர் நெட்வொர்க்கின் தாழ் அலைவரிசை இல்லாமல் போகலாம். அது பழுதல்ல, பொருத்தமின்மை. சர்வீஸ் செய்தாலும் சரியாகாது.

டிஸ்பிளே, பேட்டரி மாற்றிய பிறகு சிக்னல் குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மேல் போர்டையும் கீழ் போர்டையும் இணைக்கும் மெல்லிய ஆன்டெனா கேபிள். அதன் குமிழ் முனை சரியாக அழுந்தாமல் போவது மிகச் சாதாரணம். காந்த ஹோல்டருக்காக உறைக்குள் ஒட்டும் இரும்புத் தகடும் ஆன்டெனாவை மறைக்கும்.

எண் நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் இணையம் ஊர்ந்தால் அது டவர் நெரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது இடம், நேரம், இரண்டு போன்களின் எண்கள் மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். 'சிக்னல் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து அனுப்பிவிடுவார்கள்.