நடக்கும் தடமும் பதிவேட்டில் உள்ள பாதையும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வழக்கு. ஒன்றேகால் ஏக்கர் வாங்கி, கிணறு வெட்டி, தென்னை வைத்தவர் ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறார். தடத்தின் குறுக்கே கம்பிவேலி. "கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட' என்று எழுதியிருக்கிறதே, ஐயா" என்று பத்திரத்தை நீட்டினார். வழக்கமாக நடந்துவரும் வழியில் போகும் உரிமையும் சேர்த்து என்று பொருள். எழுதியிருக்கிறதுதான். யாருடைய நிலத்தில், எந்தப் புல எண்ணில், எத்தனை அடி அகலத்தில் என்று ஒரு சொல்கூட இல்லை. விற்றவரிடமே இல்லாத பாத்தியத்தை அவர் எப்படி எழுதிக்கொடுக்க முடியும்?

தமிழ்நாட்டில் அரசின் பாதை என்றால் கிராமத்தின் 'அ' பதிவேட்டில், அதாவது ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்ப் பதிவேட்டில், அதற்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருக்கும். எதிரே 'புறம்போக்கு, வண்டிப்பாதை' என்பதுபோல் குறித்திருப்பார்கள். அந்தப் புல எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடமான புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்தப் பாதையைப் பக்கத்து நிலக்காரர்கள் கூடிப் பேசி நகர்த்த முடியாது. வகைப்பாட்டை மாற்றுவது அரசின் வேலை. 'மாற்றுத் தடம் விட்டுவிட்டோமே' என்று பழைய வண்டிப்பாதையை உழுதவருக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரலாம்.

என்னை மிகவும் சோர வைப்பது இன்னொரு வாதம்: "முப்பது வருடமாக நடக்கிறோம், அது தானாகவே பொதுப்பாதை ஆகிவிட்டது." ஆகாது. அடுத்தவர் பட்டா நிலத்தில் மூன்று தலைமுறை நடந்தாலும் பதிவேட்டில் ஓர் எழுத்தும் தானாக மாறாது. பிறர் நிலத்தை வழி போன்றவற்றுக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவில் தருவது வேறு. 20 ஆண்டுகள் வெளிப்படையாக, சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையாக நடந்திருந்தால் உங்கள் நிலத்துக்கு அந்த வழி கிடைக்கும். அதையும் சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக அல்ல, உங்கள் நிலத்துக்கு மட்டும்.

'உரிமையாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்குகள் சாய்கின்றன. ஒரு பெரியவர் கூண்டில் ஏறி, "அறுப்பு வண்டி போகும்போதெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் போவோம், நல்ல மனிதர், மறுத்ததே இல்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் கேட்டு நடந்தது அனுமதி. அனுமதியில் எத்தனை ஆண்டு நடந்தாலும் அது உரிமையாகக் கனிவதில்லை.

வாங்குவதற்கு முன் சர்வேயரோடு தடத்தை நடந்து பாருங்கள். தடம் பிறர் பட்டாவில் போனால், அவரிடமிருந்தே புல எண், அகலம், நீளம் எல்லாம் குறித்துப் பதிவுப் பத்திரம் வாங்குங்கள். வெள்ளைத்தாளிலும் முத்திரைத்தாளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழியுரிமையையும் அசையாச் சொத்தில்தான் சேர்த்திருக்கிறது; அதனால்தான் பதிவுப் பத்திரம் என்கிறேன். பாகம் பிரிக்கும் அண்ணன் தம்பிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பின்பக்கத்துப் பாகத்துக்கு வழி எது என்பதை முகம் பார்த்துப் பேசும் காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

வேலி வந்துவிட்டதா? பஞ்சாயத்து பேசியே நாளைக் கடத்தாதீர்கள். அமைதி கெடும் நிலை இருந்தால் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் போகலாம். ஆண்டு முழுவதும் பயன்படும் வழி என்றால், புகார் அவரிடம் சேர்வதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் நீங்கள் அதில் நடந்திருக்க வேண்டும். வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் சிவில் வழக்குப் போடுவதாக இருந்தால், நடப்பது நின்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வாருங்கள்.