இரண்டு டெர்மினலைத் திறந்து பாருங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கல்லூரி முடித்து வருகிறவர்களிடம் டேட்டாபேஸ் பற்றிக் கொஞ்சம் கேட்பேன். டேபிள்களை ஒழுங்காகப் பிரிக்கச் சொல்லும் மூன்றாம் நார்மல் ஃபார்ம், பிசிஎன்எஃப் விதிகள் எல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத வேலைத் தொகுப்பு) எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆசிட் என்றால் நான்கு எழுத்துக்கும் விரிவு மடமடவென்று வந்துவிடும். "சரி, ஒரே கணக்கிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணம் எடுத்தால்?" என்று கேட்டால், "அதை டேட்டாபேஸே பார்த்துக்கும் சார்" என்பார்கள்.

நாம் சொல்லாதவரை பார்த்துக்கொள்ளாது.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். இரண்டு டெர்மினலைத் திறந்து, இரண்டிலும் பிகின் கொடுத்து டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, ஒரே கணக்கின் இருப்பை செலக்ட் கொடுத்துப் படியுங்கள். இரண்டிலும் 1000 ரூபாய் என்று வரும். முதல் ஆள் 300 எடுக்கிறார். நிரல் கழித்துப் பார்த்து, இருப்பு 700 என்று அப்டேட் வரியால் எழுதி கமிட் செய்கிறது, அதாவது உறுதிப்படுத்துகிறது. இரண்டாமவர் 200 எடுக்கிறார். அவர் பக்கத்து நிரல் தான் முன்பு படித்த 1000-லிருந்து கழித்து 800 என்று எழுதி கமிட் செய்கிறது. மொத்தம் 500 ரூபாய் வெளியே போயிருக்கிறது, கணக்கிலோ 800 இருக்கிறது. எந்த எரரும் வராது. இரண்டும் முறையான டிரான்சாக்‌ஷன்கள்தான்.

காரணம், போஸ்ட்கிரஸ் இயல்பாக இயங்குவது ரீட் கமிட்டட் என்ற ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் நடக்கும் டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கலாம் என்ற) நிலையில். அதை இன்னும் கண்டிப்பான ரிப்பீட்டபிள் ரீட் ஆக்கினால் இரண்டாவது அப்டேட்டுக்கு எரர் வரும். நிரல் அதுவரை செய்ததை ரோல்பேக் (ரத்து) செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் ரிப்பீட்டபிள் ரீட்தான் இயல்பு நிலை. அங்கே இதே சோதனையைச் செய்தால் எரர் இல்லாமலே 800 வந்து நிற்கும். பெயர் ஒன்று, நடத்தை வேறு. எந்த நிலை எந்தச் சிக்கலைத் தடுக்கும் என்ற பாடப்புத்தக அட்டவணையை மட்டும் நம்பினால் இங்கேதான் சறுக்கும்.

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. 2014-இல் ஃப்ளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் சேமிப்பு நிறுவனம் 896 பிட்காயினைப் பறிகொடுத்து மூடப்பட்டது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, இருப்பு குறைக்கப்படும் முன்பே திருடன் பணத்தை நகர்த்திவிட்டான் என்று அந்த நிறுவனமே சொன்னது. 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படும் 12 இணையக் கடை மென்பொருள்களை ஆராய்ந்தபோது, இந்த வகையில் 22 ஓட்டைகள் கிடைத்தன. ஒரே கிஃப்ட் கார்டைத் திரும்பத் திரும்பச் செலவழிப்பதும் அதில் அடக்கம்.

நம் கல்லூரிகளில் இந்தப் பாடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் நடந்த டிரான்சாக்‌ஷன்களின் விளைவு, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்குச் சமமா என்று பார்க்கும் சீரியலைசபிலிட்டி 13 மார்க் கேள்வியாகவே வருகிறது. எது எதற்கு முன் நடக்க வேண்டும் என்று காட்டும் பிரிசிடன்ஸ் கிராஃப் வரைந்து, சுழற்சி இருக்கிறதா என்று பார்த்து, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் லேபில் ஆளுக்கொரு டேபிள், ஆளுக்கொரு லாகின். ரெக்கார்ட் நோட்டில் அவுட்புட்டை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இன்னொருவர் டேபிளின் அதே வரிசையை (ரோ) தொடும் சந்தர்ப்பமே அந்த லேபில் வராது.

தீர்வுகள் எளியவைதான். கழித்தலை நிரலில் செய்யாமல், இருப்பு போதுமா என்ற நிபந்தனையோடு அப்டேட் வரியிலேயே செய்யலாம். முதலில் படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் செலக்ட்டோடு ஃபார் அப்டேட் சேர்த்தால் அந்த வரிசை பூட்டப்பட்டு, அடுத்தவர் காத்திருப்பார். அப்புறம், மினி ப்ராஜெக்ட்டில் சீட் புக்கிங் செய்கிறவர்கள் (யார்தான் செய்வதில்லை?) காட்சி எண்ணையும் இருக்கை எண்ணையும் சேர்த்து, ஒரே ஜோடி இரண்டு முறை பதியக் கூடாது என்ற யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிடுங்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சீட் காலியா என்று படிக்கும் வரிக்கும் பதியும் வரிக்கும் நடுவே 5 நொடி ஸ்லீப் வைத்து, இரண்டு பிரவுசரில் ஒரே சீட்டை அழுத்துங்கள். ஒன்றுக்கு டிக்கெட் வர வேண்டும், மற்றொன்றுக்கு எரர்.