மார்கழிக் காலையில் டீசல் கார் ஏன் மக்கர் பண்ணுகிறது?

வால்பாறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொள்ளாச்சியில் இரவு நிறுத்தினால் காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடுகிற டீசல் கார், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்கு வந்தால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடித்த பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எடுக்கிறது, ஐந்து நிமிடம் தடதடக்கிறது. அப்புறம் பகல் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. ஒரு மெக்கானிக் பேட்டரி என்கிறார், இன்னொருவர் இன்ஜெக்டர் என்கிறார், மூன்றாமவர் டீசலில் கலப்படம் என்கிறார்.

பதில் அந்த வெள்ளைப் புகையில் இருக்கிறது. புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே வராமல் செல்ஃப் மட்டும் சுற்றினால் டீசலே போய்ச் சேரவில்லை. இரண்டும் வெவ்வேறு வியாதி. இதைப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பது வீண்செலவு.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் சூடேறும் காற்றுதான் எரிபொருளைப் பற்றவைக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பாகம் சுடுகிறதே, அதே சங்கதி. எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்தான் ருசி இருக்கிறது.

கம்ப்ரஷன் விகிதம் 17, அதாவது காற்று பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது, என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 10 டிகிரி. வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேரும்போது காற்று 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. சில்லிட்டுக் கிடக்கும் சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது, பிஸ்டன் ரிங் ஓரமாகக் காற்றும் கசிகிறது. இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்க, சூத்திரத்தில் 1.4 என்று வரும் அடுக்கைக் குறைத்துப் போடுவார்கள். 1.3 என்று போட்டால் சுமார் 390 டிகிரி கிடைக்கும். டீசல் நன்றாகவே பற்றும். 1.2 என்று போட்டால்? 225 டிகிரிதான். அந்தச் சூட்டில், கிடைக்கிற சில மில்லி நொடிக்குள் டீசல் பற்றாது. ஆவியாகிப் பனிமூட்டம் போலச் சைலன்சர் வழியே போய்விடும். வெள்ளைப் புகை அதுதான்.

இப்போது பொள்ளாச்சிக்கு வருவோம். விடிகாலையில் அங்கே அவ்வளவு சூடு இராது, ஆனாலும் பகல் சூட்டையே வைத்துப் பார்ப்போம்: வெளிக்காற்று 32 டிகிரி, அடுக்கு அதே 1.3 என்றால் 440 டிகிரி. வெளியே 22 டிகிரி வித்தியாசம், உள்ளே 50 டிகிரி வித்தியாசமாகப் பெருகிவிட்டது. ஆனாலும் இது சின்னத் தொகை. அடுக்கில் 0.1 குறைந்ததற்கு 160 டிகிரியைப் பறிகொடுத்தோமே, அதைப் பாருங்கள். குளிர்காற்று தின்பதைவிட, வெப்பம் கசிய விட்டு இழப்பது மூன்று மடங்கு.

வெப்பம் கசிய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது செல்ஃப் மோட்டாரின் வேகம். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 0.15 நொடி. 100 சுற்று என்றால் 0.3 நொடி, வெப்பம் போகவும் ரிங் வழியாகக் காற்று ஒழுகவும் இரட்டிப்பு அவகாசம். குளிர் இங்கேதான் மறைமுகமாக அடிக்கிறது. ஆயில் கெட்டியாகிறது, பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது, சுற்று குறைகிறது, அடுக்கு சரிகிறது. உயரத்தையும் மறக்க வேண்டாம். ஆயிரம் மீட்டரில் காற்றழுத்தம் பத்துச் சதவீதத்துக்கு மேல் குறைவு. காற்று மெலிந்திருப்பதால் பற்றுவதற்குப் பிடிக்கும் நேரமும் கூடுகிறது.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். சிலிண்டருக்கு ஒன்று. பென்சில் போன்ற அதன் நுனிக்குள் இரண்டு கம்பிச்சுருள் இருக்கும். ஒன்று சூடேற்றும். மற்றது சூடேறச் சூடேறத் தன் மின்தடையைக் கூட்டிக்கொண்டு கரண்டைத் தானே மட்டுப்படுத்தும். சில நொடியில் நுனி 900 டிகிரியைத் தொடும். சிலிண்டர் முழுவதையும் அது சூடாக்குவதில்லை. இன்ஜெக்டர் பீய்ச்சும் தாரையின் ஓரம் அந்த நுனியை உரசிப் போகும். அங்கே பிடிக்கும் சுடர் மற்றதையும் பற்றவைக்கும். மீட்டரில் சுருள் விளக்கு அணைந்த பிறகும், இன்ஜின் எடுத்த பிறகும்கூடப் பல வண்டிகளில் இது இரண்டு மூன்று நிமிடம் வேலை செய்யும். வாசகரின் கார் ஐந்து நிமிடம் தடதடப்பதால் என் சந்தேகம் இதன் மேல்தான். சமவெளியில் பிளக் செத்தாலும் தெரியாது, கம்ப்ரஷனே போதும். நான்கில் இரண்டு போய் வருஷக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு.

சோதனையைக் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமலும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே துரு அல்லது லூஸ்.

அடுத்து பிளக்குகளுக்குப் போகும் தடித்த வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். 12 வோல்ட் வகையில் பிளக்குக்கு 15 ஆம்பியருக்கு மேல் தொடங்கிப் பத்தை ஒட்டி இறங்கும். நான்கும் நல்லபடி இருந்தால் மொத்தம் 60-க்கு மேல் தொடங்க வேண்டும். கால்பங்கு குறைந்தால் ஒன்று அவுட். எது என்று அறிய வயரைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே மின்தடை அளக்கலாம். ஒரு ஓமை ஒட்டி இருந்தால் சரி. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பிளக்கை வெளியே எடுத்து நேரடியாக பேட்டரியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். புதிய வண்டிகளில் 5, 7 வோல்ட் பிளக்குகள் வருகின்றன, கண்ணெதிரே எரிந்துபோகும்.

பிளக் நல்லது, கரண்ட் வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு கூலன்ட் சென்சார். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனரை (சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டினால், கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். விடிகாலை வால்பாறையில் கூலன்ட் 60 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி, ஈசியூ எனப்படும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி பிளக்குக்குக் கரண்டே விடாது.

பிளக்கைக் கழற்றும்போது அவசரம் ஆகாது. முந்தின நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது திருக வேண்டும். 10 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்கில் 35 நியூட்டன் மீட்டரைத் தாண்டி அழுத்தினால் முறியும். முறிந்தால் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, இறக்க வேண்டி வரலாம்.

புகையே வராத வண்டிக்கு வழி வேறு. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பகிரும் பொதுக்குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் சுமார் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) எட்டாமல் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. இரவில் டீசல் டாங்குக்கே திரும்பி வடிந்திருக்கலாம். ஃபில்டர் சீல், ஹோஸ் கிளிப் இவற்றில் காற்று புகுந்தால் இப்படி ஆகும். ஃபில்டருக்கு அடுத்து உள்ளே ஓடுவது தெரியும் ஒரு சாண் பிளாஸ்டிக் டியூபைச் செருகிப் பார்த்தால் குமிழி தெரியும். குமிழி இல்லையென்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டாங்குக்குத் திரும்பும் கசிவை (ரிட்டன்) பாட்டிலில் பிடித்து ஒப்பிட வேண்டும்.

டீசல் உறைகிறது என்ற பேச்சும் உண்டு. டீசலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1460-இன்படி, ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு அதிகபட்சம் 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி. கோவை, ஈரோடு சமவெளியில் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். சமவெளியில் டாங்க் நிரப்பி, உறைபனி விழும் ஊட்டிக்கு ஏறினால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் மண்ணெண்ணெய் கலப்பது மருந்தல்ல. 1,600 பாருக்கு மேல் தள்ளும் பம்புக்கு டீசல்தான் மசகு. அதை நீர்க்கச் செய்தால் பம்ப் தேய்ந்து, அந்தத் துகள் இன்ஜெக்டர் வரை போகும். இன்ஜின் எடுக்கக் காற்றுக்குழாயில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட மோசம். தகிக்கும் ஹீட்டர் நுனி அதை நேரத்துக்கு முன்பே வெடிக்க வைக்கும், பிஸ்டன் உடையலாம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் பம்ப் கெடுவதில்லை.

ஒரு ஆதங்கம். குளிரில் இன்ஜினை எடுப்பது என்றாலே ஆய்வுகளில் பெரும்பாலும் உறைபனி நாட்டின் புது இன்ஜின்தான். நமக்கு வேண்டியது இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த வண்டி, பத்து டிகிரி, ஆயிரம் மீட்டர் உயரம். கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன; ஒரு கிளாம்ப் மீட்டரும் ஒரு ஸ்கேனரும் கொடுத்து நாலு மாணவர்களை மார்கழியில் மலைக்கு அனுப்ப எவ்வளவு ஆகிவிடும்?

வாசகருக்கு: நான்கு பிளக்கும் மாற்றி, பேட்டரியும் சரி, ஆயிலும் கையேட்டில் சொன்ன கிரேடுதான், அப்படியும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இன்ஜின் 25 முதல் 30 பார் காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.