ஜிபிஎஸ் பதிவில் நாம் வெட்டி எறியும் ஈரக் கணக்கு

கொங்குப் பகுதியில் நில அளவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு மல்டிபாத், அதாவது ஜிபிஎஸ் அலை எதிரொலித்து வேறு வழியிலும் வந்து சேர்வது, என்றாலே தலைவலிதான். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணையின் தகரக் கூரையிலோ குளத்து நீரிலோ பட்டுத் திரும்பும் செயற்கைக்கோள் அலை, நேராக வரும் அலையோடு கலந்து எல்லைக்கல்லின் இருப்பிடத்தைப் பிறழச் செய்துவிடும் என்பதால், அதை ஒதுக்கித் தள்ளவே நாம் பழகியிருக்கிறோம். (கூரையைக் கழற்றித் தர எந்தப் பண்ணைக்காரரும் சம்மதிக்க மாட்டார்.) ஆனால் மண்ணின் ஈரமும் குளத்தின் நீர்மட்டமும் அந்தத் திரும்பும் அலையில்தான் பதிந்திருக்கின்றன.

இவ்வாறு திரும்பும் அலைகளைக் கொண்டு கடல்மட்டத்தை அளக்கலாம் என்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் மானுவல் மார்ட்டின் நெய்ரா 1993ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தார். நிலத்தில் ஊன்றிய வழக்கமான அளவை ஆன்டெனாவே மண் ஈரத்தையும் பனியின் ஆழத்தையும் சொல்லிவிடும் என்பதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் லார்சன் குழுவினர் பின்னர் காட்டினர்.

செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து மேலேறும்போது, நேரலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று மாறிமாறி வலுப்படுத்தியும் தேய்த்தும் விடுவதால், ரிசீவரில் பதிவாகும் சிக்னல் வலிமை ஏறி இறங்குகிறது. ஜிபிஎஸ் கோள்கள் அனுப்பும் எல்1 என்ற அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. குளத்துக் கரையில் நிற்கும் ஆன்டெனா நீருக்கு 5 மீட்டர் மேலே இருந்தால், கோள் 5 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏறுவதற்குள் ஏறத்தாழ 18 ஏற்ற இறக்கங்கள் வரும். குளம் ஒரு மீட்டர் நிரம்பினால், ஆன்டெனாவுக்கும் நீருக்கும் இடைவெளி 4 மீட்டராகச் சுருங்கி, அது 14 ஆகக் குறையும். நீரைத் தொடாமலேயே கிடைக்கும் அளவு என்பதால், அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் நீர் பெறும் 1,045 குளம் குட்டைகளைப் போன்ற இடங்களுக்கு இது பொருத்தமானது. ஆனால் ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அங்கே அலை இலைகளிலும் பட்டுச் சிதறுகிறது.

மண்ணில் நிலைமை வேறு. ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை; மழைக்குப் பின் அவை தொடங்கும் இடம்தான் சற்றே நகர்கிறது. அந்த நகர்வு மேல்மண்ணின் சுமார் 5 செ.மீ. ஈரத்தை மட்டுமே காட்டும். எனவே காங்கயம் பக்கத்துக் கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கும், விதைப்புக்கு முந்தைய மானாவாரி நிலத்துக்கும் இது ஏற்றது. மரத்தடியில் மட்டும் ஈரம் தங்கும் சொட்டுநீர்த் தென்னந்தோப்பில் வேருக்கு எட்டிய நீரை இதைக் கொண்டு அறிய முடியாது.

நம் வழக்கம் இடிப்பது இங்கேதான். ஓரிடத்தில் நிலையாக நிறுத்தும் ரிசீவரான பேஸ் ஸ்டேஷனை வைக்கும்போதே அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்குக் கீழுள்ள கோள்களை வெட்டிவிடும்படி அமைத்து விடுகிறோம். கோப்பைச் சிறிதாக்க சிக்னல் வலிமை எண்களையும் நீக்கி விடுகிறோம். இந்த ஆய்வுக்கு வேண்டியவை அவ்விரண்டும்தான். இந்த 15 டிகிரி வெட்டைப் பின்னர் இருப்பிடத்தைக் கணக்கிடும்போது வைத்துக்கொண்டு, பதிவை 5 டிகிரியிலிருந்தே தொடங்கினால் எல்லை அளவையின் துல்லியம் சிறிதும் குறையாது. எதிரொலிப்பை அடக்குவதற்கென்றே செய்த விலையுயர்ந்த ஆன்டெனாவைவிட எளிய ஆன்டெனா இப்பணிக்கு உகந்தது என்பது, எனக்குப் பிடித்த முரண்.

விண்வெளியிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். புயல் காற்றை அளப்பதற்காக நாசா 2016 டிசம்பரில் ஏவிய சைக்னஸ் திட்டத்தின் 8 சிறு கோள்கள், வெப்பமண்டலத்தைச் சுற்றி வரும் பாதையில் நம் பகுதியையும் கடந்தன. அவற்றின் தரவிலிருந்து மண் ஈர வரைபடங்களும் உருவாகியுள்ளன. அவ்வரைபடத்தின் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலமானது. ஆகவே உங்கள் இரண்டு ஏக்கர் தோட்டத்தின் ஈரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து நாள்தோறும் சொல்வதாக யாரேனும் செயலி விற்க வந்தால், ஒரு கட்டத்தின் அளவு என்ன என்று முதலில் கேளுங்கள். அடுத்து, நம் செம்மண்ணிலும் கரிசலிலும் மாதிரி எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் உலர்த்தி எடை பார்த்து ஒப்பிட்ட அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள்.